மானிட்டர் பெட்டிக்குத் தமிழ்ச்சொல்: ‘பின்னூட்டி’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் பாடுகிறவர் தன் ஒலியைக் கேட்க, அவரைப் பார்த்து வைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிதான் ‘மானிட்டர்’. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டேன், ஒன்பது வந்திருக்கின்றன. நன்றி. எல்லாவற்றையும் கட்டுரை வரைவில் போட்டுப் படித்துப் பார்த்தேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேர், நூறு பேர் உட்காரும் கூடம், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற அளவில் ஒரு மைக் செட். எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கட்டுரை.

> பின்னூட்டம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. மானிட்டரைப் ‘பின்னூட்டி’ என்று சொல்லிவிடலாம். வித்வான்களே ‘ஃபீட்பேக்’ என்றுதானே கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள், சிக்கலே அதுதான். ‘ஃபீட்பேக்ல தம்பூரா கொஞ்சம் கூட்டுங்க’ என்று பாடகர் சொன்னால், தன்னைப் பார்த்து வைத்திருக்கும் பெட்டியைச் சொல்கிறார். மைக் செட்காரருக்கு ஃபீட்பேக் என்றால் ‘ஊஊ’ என்று கிளம்புகிற சத்தம். பெட்டியில் வந்த ஒலி திரும்ப மைக்கில் நுழைந்து, பெருகி, பெட்டிக்கே வந்து, சுற்றிச் சுற்றி ஒரே சுருதியில் கத்துவது. இணையத்தில் எழுதுகிற நமக்கோ பின்னூட்டம் என்றால் பதிவுக்கு அடியில் நடக்கும் சண்டை. என் வரைவில் ஒரு வாக்கியம் இப்படி வந்தது: ‘மைக் பார்க்கிற பக்கம் பின்னூட்டியை வைத்தால் பின்னூட்டம் வரும்.’ எழுதிய எனக்கே புரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ‘ஊளை’ போதும். லார்சன் விளைவு என்று டென்மார்க் இயற்பியலர் ஒருவர் பெயரில் அது வழங்குகிறது. பாடநூலில் அது இருக்கட்டும், மேடைக்கு ஊளை. நாய் நினைவு வருகிறது என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். வரட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

> அகப்பெட்டி, புறப்பெட்டி. மேடையை நோக்குவது அகம், அவையை நோக்குவது புறம்.

அழகு! படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் கூடத்தின் கடைசியில் மிக்சரோடு (ஒலிகளைக் கலக்கும் கருவி) உட்கார்ந்திருப்பவர் காதில் அது ‘அகப்பை’ என்று விழும். மேடையில் புழங்கும் சொல்லுக்கு நான் வைக்கிற ஒரே தேர்வு இதுதான்: பாட்டுக்கு நடுவே, சத்தத்துக்கு மேலே, ஒருமுறை சொன்னால் புரிய வேண்டும்.

‘மேடைப்பெட்டி’யை நானே முன்மொழிந்தேன். நானே திரும்பப் பெறுகிறேன். ‘ஸ்டேஜ் பாக்ஸ்’ என்று வேறொன்று இருக்கிறது. மேடையிலுள்ள மைக் வயர்கள் எல்லாம் வந்து சொருகும் பெட்டி. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு காபி கடன்.

சரி, அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது? அவைக்குப் போகிற ஒலியைப் பாடுகிறவருக்கே திருப்பி விடுகிறது. அதனால் என் ஓட்டு ‘திருப்பு’க்கு. ‘திருப்புல மிருதங்கத்தைக் குறைங்க.’ நான்கே எழுத்து, வாயில் சிக்கவில்லை. வாக்கியமும் நேராகிறது: ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகளுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், ஆகவே திருப்பை மைக்கின் முதுகுக்கு நேரே, பாடகரைப் பார்த்து வை, ஊளை வராது. ‘வராது’ என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் எதுவும் ஊளையிடும்.

> இப்போது வருகிற காலம் ஸ்பீக்கருக்கு என்ன சொல்?

ஆங்கில ‘column’ஐச் சொல்கிறார், தூண் போல் உயரமாக நிற்கும் பெட்டி. முதலில் அந்தக் ‘காலம்’ ஒழிய வேண்டும். படிக்கிறவர் கடிகாரத்தைத் தேடுவார். அது ‘தூண்’, ‘தூண்பெட்டி’. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போஸ் நிறுவனம் 2003-ல் எல்1 என்று ஒரு தூணைக் கொண்டுவந்தபோது சொன்ன யோசனையே, தூணைக் கலைஞர்களுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள், அவையும் மேடையும் ஒரே ஒலியைக் கேட்கட்டும் என்பதுதான். அதாவது தூண் வாங்கினால் திருப்பே வேண்டாம். நாம் இத்தனை நாள் அடித்துக்கொண்ட சொல்லுக்கு வேலை இல்லாமல் போய்விடும்!

கலைஞருக்குப் பின்னால், மைக் பார்க்கிற பக்கமே பெட்டியை வைத்தால் ஊளை வராதா என்று கேட்பீர்கள். சிறு சிறு ஒலிப்பான்கள் வரிசையாக அடுக்கியிருப்பதால் ஒலி ஒரே இடத்தில் குவியாமல் தூணின் உயரம் முழுக்கப் பரவி வருகிறது. பக்கவாட்டில் அகலமாக விரிந்து, மேலும் கீழும் குறைவாகப் போகிறது. சாதாரணப் பெட்டியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும் என்றால், தூணுக்கு அருகே ஏறக்குறைய 3 டெசிபல்தான். அதனால் கடைசி வரிசைக்காக முன்வரிசையின் காதைக் கிழிக்க வேண்டியதில்லை. கடம், மிருதங்கம் வாசிப்பவர்கள் மட்டும் தூணை ஒட்டி உட்காரக் கூடாது. அவர்கள் மைக்குகள்தான் முதலில் ஊளையிடும்.

வாட் விஷயத்துக்குச் சண்டை வேண்டாம். ‘உச்ச வாட்’ (ஒரு கணம் எட்டுவது), ‘தொடர் வாட்’ (விடாமல் தருவது) என்று பிரித்தால் போதும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் உச்சம். ஆற்றலை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று, ‘கையடக்க ஒலிபெருக்கி’ என்று யாரும் இனி எழுதாதீர்கள். 15 கிலோ பெட்டி எந்தக் கையில் அடங்கும்? தூக்குச்சட்டி இருக்கும்போது ‘தூக்குப்பெட்டி’ ஏன் கூடாது? தூக்குத் தண்டனை நினைவுக்கு வரும் என்பவர்கள் வீட்டில் சாம்பார் எதில் வருகிறது என்று சொல்லட்டும்.

நேற்று எங்கள் பகுதி மைக் செட் அண்ணனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், ‘அண்ணே, திருப்புல வயலின் கேக்கல’ என்றேன். வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: ‘எந்தத் திருப்பு, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’