மடிக்கணினி தூங்கி எழுந்தால் மணி தவறு: அவசர உதவி தேவை

அவசரக்காரன் (இரவு 9:12)
வணக்கம். மடிக்கணினியை இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தால் நேரம் தவறாகக் காட்டுகிறது. கையால் திருத்தினால் அன்று முழுவதும் ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. மென்பொருள்களைப் புதுப்பிக்கப் போனால் ‘கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கிறது. இணையத்தில் நேரம் சரிபார்க்கும் வசதி இயக்கத்தில்தான் இருக்கிறது. நாளை மாலைக்குள் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

ஈயப்பற்று (9:20)
பேட்டரிதான், வேறொன்றும் இல்லை. தாய்ப்பலகையில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், பொத்தான் போல ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும், 3 வோல்ட். கழற்றி அளந்து பாருங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில்கூடக் கிடைக்கும்.

கயல் (9:31)
எந்த இயங்குதளம்? மணி முன்னால் ஓடுகிறதா, பின்னால் இருக்கிறதா? எத்தனை மணி நேர வேறுபாடு? ஒவ்வொரு நாளும் அதே அளவா? இவை தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

முனையம் (9:40)
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. இதே சிக்கலுக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. ஐந்தரை மணி நேரம் தவறும், பந்தயம் கட்டுகிறேன். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பது) என்று படிக்கும். இரண்டையும் ஒரே கணினியில் குடிவைத்தால் இதுதான் நடக்கும்.

கயல் (9:47)
அது விண்டோஸை அணைத்துவிட்டு லினக்ஸில் நுழையும்போது நடப்பது. இவர் மூடித் திறப்பதோடு சரி. இடையில் மற்றொன்று ஓடவே இல்லையே?

ஈயப்பற்றுக்கு: கணினி தூங்கும்போது பெரிய பேட்டரியே தாய்ப்பலகைக் கடிகாரத்துக்கும் மின்சாரம் தருகிறது. பொத்தான் பேட்டரி செத்திருந்தால் முற்றிலும் மின்சாரம் போகும்போதுதான் தேதி தொலையும்.

ஈயப்பற்று (9:55)
இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். பாதிக் கடிகாரச் சிக்கல் பேட்டரிதான்.

தறி (10:04)
முனையம் சொன்னதில் ஒரு சந்தேகம். உள்ளூர் நேரத்தை எழுதுவதில் என்ன தவறு? சுவரில் மாட்டிய கடிகாரம் நம்மூர் நேரத்தைத்தானே காட்டுகிறது?

முனையம் (10:09)
சுவர்க்கடிகாரத்துக்கு அது சரி. கணினிக்கு இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழக்கத்தை இன்றுவரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பருத்தித்துறை (10:26)
தறி, எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இலங்கையில் மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மறுபடியும் ஐந்தரைக்கே வந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் இரண்டு மணி. உள்ளே பொது நேரம் வைத்திருந்த கணினிக்கு நேர வலய அட்டவணையை மாற்றினால் போதும். உள்ளூர் நேரம் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தையே தொட வேண்டும்.

தறி (10:33)
இந்தியாவில் இப்போது யாரும் மணியை மாற்றுவதில்லையே. எங்களுக்கு ஏன் இந்தத் தலைவலி?

முனையம் (10:35)
கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் எதற்கு?

கயல் (10:41)
கேள்வி கேட்டவர் எங்கே?

அவசரக்காரன் (மறுநாள் காலை 7:18)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். விண்டோஸில் நேரம் சரியாகவே இருக்கிறது. அதனுள் மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓடும் உபுண்டு லினக்ஸில்தான் தவறு. சொன்னதாக நினைத்தேன். நேற்று இரவு 11 மணிக்கு மூடினேன். காலை 7 மணிக்குத் திறந்தபோது உபுண்டு 11:01 என்று காட்டியது.

கயல் (7:24)
இதை நேற்றே சொல்லியிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்கும். மடிக்கணினி தூங்கும்போது உள்ளே இருக்கும் உபுண்டு அப்படியே உறைந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் போனது அதற்குத் தெரியாது. கோப்பு செல்லுபடியாகாததும் அதனால்தான்: உபுண்டுவின் கணக்கில் அந்தக் கோப்பு நாளைய தேதியில் பிறந்தது. நேரத்தைச் சரிபார்ப்பது எந்த மென்பொருள்?

அவசரக்காரன் (7:29)
குரோனி. எப்போதோ நானே நிறுவினேன்.

கயல் (7:38)
அப்படியானால் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்று ஒரு வரி இருக்கும். தவறு ஒரு விநாடிக்கு மேல் போனால் ஒரேயடியாகத் தாவலாம், ஆனால் தொடங்கிய பின் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் என்று அதற்குப் பொருள். அதன் பிறகு குரோனி தாவாது. மணியைச் சற்று வேகமாக ஓட்டித்தான் ஈடுகட்டும். அந்த வேகத்துக்கும் உச்சவரம்பு பன்னிரண்டில் ஒரு பங்கு. எட்டு மணி நேரத்தைப் பிடிக்க 96 மணி நேரம், அதாவது நான்கு நாள்! வசதி இயக்கத்தில் இருந்தும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

அந்த 3 என்பதைக் கழித்தல் 1 ஆக மாற்றிவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் தாவும். தரவுத்தளம் ஓடும் பெரிய சேவையகத்தில் இப்படிச் செய்ய நான் தயங்குவேன், உங்களுடையதற்குப் பரவாயில்லை.

மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற அதன் துணைத் தொகுப்பை உபுண்டுவுக்குள் நிறுவினால் வேறுபாடு 20 நிமிடத்தைத் தாண்டும்போது அதுவே நேரத்தைத் திருத்திவிடும். குரோனியையும் அதையும் ஒன்றாக ஓட்ட வேண்டாம். ஒரு கடிகாரத்துக்கு இரண்டு முதலாளிகள் ஆகாது.

முனையம் (7:52)
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஈயப்பற்று (8:05)
எதற்கும் பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவசரக்காரன் (8:11)
சரியாகிவிட்டது. நன்றி. வேலைக்குக் கிளம்புகிறேன்.

தூரிகை (மூன்று வாரம் கழித்து)
எனக்கும் இதே சிக்கல். அவசரக்காரன், எந்த வழியில் சரிசெய்தீர்கள்? அந்த எண்ணை மாற்றினீர்களா, தொகுப்பை நிறுவினீர்களா?