பூரிமுக்கு முன் தல்மூத் படிப்பது சந்தோஷத்தைக் கூட்டுமா, கெடுக்குமா?

நூலடிமை:
யூதர்களின் பூரிம் பண்டிகை யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14ஆம் தேதி. பாரசீக அரசவையில் ஆமான் யூதர்களைக் கூண்டோடு ஒழிக்கத் திட்டம் போட, எஸ்தர் ராணியும் மொர்தெகாயும் அதை முறியடித்த நாள். பண்டிகை நெருங்கும்போது பலர் இந்தக் கதையைச் சொல்லும் பைபிளின் எஸ்தர் நூலையும், யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தில் அதற்கென்றே இருக்கும் மெகில்லா பகுதியையும் எடுத்துவைத்து, கூட்டமாக உட்கார்ந்து வரிவரியாக விவாதிக்கிறார்கள். வேஷம், இனிப்பு, விருந்து என்று போகும் நாளுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது என்பது என் கட்சி.

எதிர்காற்று:
எனக்கு ஒப்புதல் இல்லை. எஸ்தர் நூலை வாசிக்கும்போது ஆமான் பேர் வந்தால் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றிக் கத்துகிறார்கள் பாருங்கள், பண்டிகை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் மெகில்லாவைத் திறந்தால், எஸ்தர் நூலை வரிசை மாற்றி வாசித்தால் கடமை நிறைவேறாது, ஆமானின் 10 மகன்கள் பேரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று சட்டமாகப் போகிறது. இது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆகிவிடாதா? அதே மெகில்லாவில்தான் ராவா என்ற அறிஞர், 'ஆமான் சபிக்கப்பட்டவன்', 'மொர்தெகாய் ஆசி பெற்றவன்' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறார். அதற்கு எதற்கு முன்தயாரிப்பு?

நூலடிமை:
அந்த வரியோடு நிறுத்திவிட்டீர்களே, அடுத்ததைப் படியுங்கள். ரப்பா, ரபி செய்ரா என்று வேறு இரண்டு அறிஞர்கள் சேர்ந்து பூரிம் விருந்து சாப்பிடுகிறார்கள். போதையில் ரப்பா எழுந்து செய்ராவின் கழுத்தை அறுத்துவிடுகிறார், மறுநாள் மன்றாடி உயிரை மீட்கிறார். அடுத்த வருஷம் ரப்பா மறுபடி விருந்துக்குக் கூப்பிட, ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காது என்று செய்ரா மறுத்துவிடுகிறார். குடிக்கச் சொன்ன கையோடு தொகுத்தவர்கள் இந்தக் கதையை வைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் யூதச் சட்ட அறிஞர் மோசே இசெர்லஸ், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடித்துவிட்டுத் தூங்கினாலே போதும், தூங்குகிறவனுக்கு ஆமானும் தெரியாது மொர்தெகாயும் தெரியாது என்ற கருத்தையும் சட்டக் குறிப்பில் சேர்த்தார். முழுசாகப் படித்தவன் நிதானமாகக் கொண்டாடுவான், காதில் விழுந்த ஒரு வரியை வைத்துக் கொண்டாடுகிறவன் பாட்டிலோடு நின்றுவிடுவான்.

தென்றல்வழி:
குடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்பதாம் அதிகாரத்தை யாரும் தொடவில்லை. யூதர்கள் எதிரிகளில் 75,000 பேரைக் கொன்றதாக எஸ்தர் நூல் சொல்கிறது. பூரிமுக்கு முந்தைய ஓய்வுநாளில் இஸ்ரவேலரின் பழைய எதிரிகளான அமலேக்கியரின் நினைவையே அழிக்கச் சொல்லும் பைபிளின் உபாகமப் பகுதியையும் வாசிக்கிறார்கள், ஆமான் அந்த வம்சம் என்பது மரபு. 1994 பிப்ரவரி 25, பூரிம் நாளன்று, மேற்குக்கரையின் ஹெப்ரோனில் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதக் குடியேறி தொழுகையில் இருந்த 29 பாலஸ்தீனர்களைச் சுட்டுக் கொன்றான். அவனும் இந்த நூல்கள் தெரியாதவன் அல்ல. படிப்பு என்ன தடுத்தது?

நூலடிமை:
நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். அரசாணை கொள்ளையடிக்கவும் அனுமதித்திருந்தது, ஆனால் அவர்கள் கொள்ளையில் கை வைக்கவில்லை என்று அதே அதிகாரம் மூன்று தடவை சொல்கிறது. அமலேக்கியருக்குக்கூட முதலில் சமாதானம் கேட்டாக வேண்டும் என்பது 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த சட்டம். விருந்துக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் பலகாரத்துக்கும் செலவழிப்பதைவிட ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடு, ஏழை, அனாதை, விதவை, அந்நியன் மனதைக் குளிரவைப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்று பூரிம் சட்டத்திலேயே எழுதியவரும் அவர்தான். இதையெல்லாம் படிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

தென்றல்வழி:
மைமோனிடிஸோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த அலமாரியில் இரண்டும் இருக்கிறது, எதை எடுப்பது என்று வகுப்பு நடத்துகிறவர்தான் முடிவு செய்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தை அவசரமாகத் தாண்டிவிட்டு விருந்துக் கதைகளில் மணிக்கணக்காக உட்காரும் வகுப்பைத் தயாரிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்காற்று:
இன்னொன்றும் இருக்கிறது. பெண்களும் இந்த அற்புதத்தில் பங்கு பெற்றவர்கள், அதனால் எஸ்தர் நூலைக் கேட்பது அவர்களுக்கும் கடமை என்று அதே மெகில்லாவில் ரபி யோசுவா பென் லேவி சொல்கிறார். சரி, ஆனால் நூற்றாண்டுக் கணக்காக தல்மூத் படிக்கும் பெஞ்சில் பெண்களை உட்காரவைத்தார்களா? அந்தப் பெண்கள் கதையைக் காதால் கேட்டு, பலகாரம் செய்து, இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்து அனுப்பி, குறைவில்லாமல்தான் பூரிம் கொண்டாடினார்கள். படிப்புதான் சிறந்த தயாரிப்பு என்றால் அவர்கள் கொண்டாடியது இரண்டாம் தரமா?

நூலடிமை:
இல்லவே இல்லை. பெஞ்சை நீளமாக்கு என்றுதான் உங்கள் கேள்வி சொல்கிறது, இன்று எருசலேமிலேயே பெண்கள் தல்மூத் படிக்கிறார்கள். தென்றல்வழி சொன்னதை ஏற்கிறேன், ஒன்பதாம் அதிகாரத்தை விட்ட வகுப்பு அரைகுறைதான். ஆனால் பண்டிகைக்கு முன்னால் யாரும் படிக்கவே வேண்டாம் என்றால், அந்த அதிகாரம் சத்தமாக வாசிக்கப்படும்போது கேள்வி கேட்க ஜெப ஆலயத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

எதிர்காற்று:
கேள்வியை மறுநாள் கேட்கலாமே. எருசலேமில் எப்படியும் 15ஆம் தேதிதான் பூரிம். மற்ற ஊர்க்காரர்கள் 14ஆம் தேதி குழந்தைகளோடு கத்திக் கொண்டாடிவிட்டு 15ஆம் தேதி புத்தகத்தைத் திறக்கட்டும்.