எடை குறைவது நின்றதும் வேகமும் நின்றுவிட்டது: 5 கிலோமீட்டரை 30 நிமிடத்துக்குள் ஓட என்ன வழி?

மண்டபத்துக்காரன்:
வயது 43. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எனக்குப் பெரிதாக வேலை இருக்காது. போன வருஷம் ஏப்ரலில், சும்மா உட்கார்ந்தால் இன்னும் ஊதிவிடுவோம் என்ற பயத்தில் நடக்க ஆரம்பித்தேன். அப்போது 96 கிலோ. ராத்திரி பரோட்டாவை விட்டேன், நாலு மணி வடையை விட்டேன். இப்போது 78.

நடை அப்படியே ஓட்டமானது. முதன்முதலாக 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடியபோது 41 நிமிடம். 88 கிலோவில் 37, 80 கிலோவில் 34. தனியாக எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. கிலோ கரையக் கரைய நேரமும் கரைந்தது. பிப்ரவரியில் எடை நின்றது. நாலு மாதமாக 33 நிமிடம் 40 விநாடி, கொஞ்சம் முன்னே பின்னே.

வாரம் ஆறு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, மரைக்காயர்பட்டினம் பக்கம் போய்த் திரும்புகிறேன். தினமும் முழு மூச்சாகத்தான் ஓடுகிறேன், ஏமாற்றுவதில்லை. இன்னும் ஐந்து கிலோ குறைத்தால் 30க்குள் வருமா? இதற்கு மேல் இளைத்தால் சொந்தக்காரர்கள் சர்க்கரையா என்று கேட்பார்கள் என்கிறாள் மனைவி. இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டாயிற்று.

கீழக்கரை காக்கா:
தம்பி, தினமும் முழு மூச்சு என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். துபாயில் இருந்தபோது ஒரு வருஷம் நானும் இதே தப்பைச் செய்தேன்.

எடை குறைந்தபோது வந்த வேகம், தலையிலிருந்த மூட்டையை இறக்கியதால் வந்தது. அதே நெஞ்சு, அதே கால், சுமை மட்டும் 18 கிலோ குறைவு. இனி இறக்க மூட்டை இல்லை. நெஞ்சும் காலும் தேற வேண்டும். அதற்கு ஓய்வு வேண்டும். நீங்கள் கொடுப்பதே இல்லை.

வாரம் ஐந்து நாள் போதும். நாலு நாள் மெதுவாக ஓடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. உங்களுக்குக் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் வரலாம். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அந்த நாலில் ஒன்றை வாரா வாரம் கொஞ்சம் நீட்டி 9, 10 கிலோமீட்டருக்குக் கொண்டுபோங்கள். வேகம் ஒரே ஒரு நாள்.

பாம்பன் பையன்:
அந்த ஒரு நாளைக்குப் பாம்பன் பாலத்துக்கு வாங்க அண்ணே. நம்ம மாவட்டம் தோசைக்கல் மாதிரி தட்டை. எங்களுக்கு மலை என்றால் ரோட்டுப் பாலம்தான். 2.3 கிலோமீட்டர், இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி ஏற்றம். ஒரு நிமிடம் ஏற்றத்தில் விரட்டுங்கள், நடந்தே இறங்குங்கள். முதலில் நாலு தடவை, போகப்போக ஆறு. நெஞ்சுக்கு நல்ல வேலை, முட்டிக்கு அடி குறைவு. ஏழு மணிக்குமேல் வேண்டாம், புது ரயில் பாலத்தைப் பார்க்கிறேன் என்று வேன்காரர்கள் நட்டநடுவில் நிறுத்துவார்கள். இப்போது மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. மண்டபம் பக்கம் திரும்பினால் முகத்தில் அறையும், அதனால் பாலத்தில் எடுக்கிற நேரத்தைக் கணக்கில் வைக்காதீர்கள்.

கடற்கரையில் ஓடு என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அலையோரம் சரிவு, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். எனக்கு முட்டியின் வெளிப்பக்கம் பிடித்து ஒன்றரை மாதம் வீணாயிற்று.

உச்சிப்புளி டீச்சர்:
சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள்?

மண்டபத்துக்காரன்:
இரண்டு இட்லி, டீச்சர். காலையில் வெறும் வயிற்றில் ஓட்டம்.

உச்சிப்புளி டீச்சர்:
அது எடை குறைக்கிறவர் சாப்பாடு, வேகம் கூட்டுகிறவர் சாப்பாடு இல்லை. பாலத்துக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி வயிறாரச் சாப்பிடுங்கள், கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். மண்டபத்தில் இருந்துகொண்டு சூடை மீனுக்குப் பஞ்சமா? ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர். இன்னும் ஐந்து கிலோ என்ற பேச்சை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். நாற்பது தாண்டியவர், விரட்டி ஓடுமுன் ஒரு தடவை டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிடுங்கள்.

மண்டபத்துக்காரன்:
ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். டாக்டரைப் பார்த்தேன், பிரச்சினை இல்லை. முதல் இரண்டு வாரம் மெதுவாக ஓடுவது சித்திரவதை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி உடம்பு சரியில்லையா என்றார். நாலாவது வாரம் பேராசையில் பாலத்தில் எட்டுத் தடவை ஏறி, கெண்டைக்கால் பிடித்து ஐந்து நாள் போச்சு. அது என் தப்பு.

நேற்று பழைய ரோட்டில், காற்று அடங்கியிருந்த நேரத்தில் ஓடிப் பார்த்தேன்: 31 நிமிடம் 50 விநாடி. எடை 79! ஒரு கிலோ ஏறியும் நேரம் குறைந்ததை மனைவி நம்பவில்லை, போனைக் காட்டினேன்.

பாம்பன் தம்பி, போன வியாழன் பாலத்தில் எதிரே வந்த மஞ்சள் பனியன் நீங்கள்தானே? கூப்பிட வாயெடுத்தேன். மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை.