அழைப்பு வந்தால் மேப் நின்றுவிடுகிறது: வால்பாறை மலைப்பாதையில் ஜிபிஎஸ், ஓயாத விளம்பர அழைப்புகள் (உதவி தேவை)

கேள்வி: சரக்குவண்டி
பொள்ளாச்சி–வால்பாறை ஓடும் சின்ன சரக்கு வண்டி. ஆண்ட்ராய்டு போன், இரண்டு சிம். கூகுள் மேப்ஸ் போட்டு ஓட்டும்போது "லோன் வேணுமா, மனை வேணுமா" என்று யாராவது கூப்பிட்டால் மேப் சாம்பல் கட்டமாகிவிடுகிறது. கட் செய்த பிறகும் உடனே சரியாவதில்லை. ஆழியாறு தாண்டி வளைவுகள் ஏறும்போது சில நேரம் ஜிபிஎஸ் சிக்னலே இல்லை என்கிறது. போனில் தெரியாத எண்களுக்குத் தடை போட்டும் அழைப்பு நிற்கவில்லை. சேமிக்காத எண் எல்லாவற்றையும் அடைக்கவும் முடியாது. லோடு கொடுப்பவர்கள் புது எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள்.

பதில்: வட்டக்கோடு
முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்க சார். அந்த அழைப்புகள் எந்த சிம்முக்கு வருகின்றன? மேப் சாம்பலாக இருக்கும்போது நீலப் புள்ளி நகர்கிறதா?

சரக்குவண்டி
அழைப்பு இரண்டாவது சிம்முக்கு, நெட் முதல் சிம்மில். புள்ளி நகர்கிறது, ரோடுதான் தெரியவில்லை.

பதில்: வட்டக்கோடு
அப்படியென்றால் ஜிபிஎஸ் நன்றாகவே வேலை செய்கிறது, நிற்பது நெட். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் அழைப்பு ஓடும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். சிம் செட்டிங்ஸில் "அழைப்பின்போது டேட்டா மாற்றம்" என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். பெயர் போனுக்குப் போன் மாறும். அதை ஆன் செய்யுங்கள். இரண்டாவது சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால்தான் பலன். கூடவே இரண்டு சிம்மிலும் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் அழைப்புக்காக போன் 2ஜிக்கு இறங்கும். 2ஜியில் பேசும்போது டேட்டா ஓடாது.

ஆனால் மலையில் இதை நம்பி ஏறாதீர்கள், அங்கே டவரே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மேப்ஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் போய், பொள்ளாச்சி முதல் வால்பாறை வரை ஒரே கட்டத்தில் வைஃபையில் இறக்குங்கள். மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போவதுண்டு என்றால் கட்டத்தை அதுவரை இழுங்கள். ஆஃப்லைனிலும் வண்டிக்கான வழியை மேப் காட்டும். நெரிசல் விவரமும் மாற்று வழியும் வராது.

பதில்: நான்குகோள்
சிக்னல் இல்லை என்று வருவது வேறு பிரச்சினை. இடம் கணிக்க போனுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள் தெரிய வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் ஒரு பக்கம் பாறைச் சுவர், பாதி வானம் அதிலேயே மறைந்துவிடும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் புள்ளியைப் பக்கத்து வளைவில் கொண்டுபோய் வைக்கும். எல்5 என்ற கூடுதல் ஜிபிஎஸ் அலைவரிசையும் வாங்கும் போனில் இந்தத் தடுமாற்றம் குறைவு.

கிளம்பும் நேரமும் முக்கியம். செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைப் போன் வழக்கமாக நெட் மூலம் நொடியில் எடுத்துவிடும். நெட் இல்லையென்றால் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட் வேகத்தில் வருவதால் ஒரு கோளுக்கு முழுதாக 30 நொடி தேவை, நடுவில் மறைந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பொள்ளாச்சியிலேயே, திறந்த வெளியில் மேப்பைப் போட்டுப் புள்ளி நிலையான பிறகு ஏறுங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். மேப்ஸின் இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" ஆன் ஆகியிருக்க வேண்டும். போன் ஸ்டாண்ட் கண்ணாடி ஓரம் இருக்கட்டும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் சிக்னலை விழுங்கும்.

பதில்: அமைதிமணி
அழைப்புத் தடைக்கு வருகிறேன். கூகுள் டயலரில் (போன் பேசும் ஆப்) இருக்கும் "தெரியாத எண்" தடை, எண்ணை மறைத்துக் கூப்பிடுபவர்களுக்கு மட்டும். சேமிக்காத எண்ணை அது தொடாது. உங்களுக்கு வேண்டியது டயலர் செட்டிங்ஸில் காலர் ஐடி, ஸ்பேம் பகுதியில் உள்ள ஸ்பேம் வடிகட்டி.

அடுத்து, விளம்பரங்களைத் தடுக்க இரண்டு சிம்மிலிருந்தும் 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட், இடைவெளி, 0 என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஒரு சிம்மில் செய்தால் மற்றதற்குப் பொருந்தாது. அதன் பிறகும் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால் விடாதீர்கள்: எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற விவரத்தோடு 7 நாளுக்குள் 1909-இல் புகார் செய்யுங்கள். வெறுமனே பிளாக் செய்தால் அடுத்த நாள் வேறு எண்ணில் வருவார்கள். போலீஸ், வங்கி என்று மிரட்டும் அழைப்பு என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளுக்கான சக்ஷு பகுதியில் பதியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மலை ஏறும் நேரத்துக்கு மட்டும் டூ நாட் டிஸ்டர்பில் "தொடர்புகள் மட்டும்" வைக்கலாம். "மீண்டும் அழைப்பவர்" அனுமதியைச் சேர்த்து ஆன் செய்தால், 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிடும் புது எண் மணியடிக்கும். லோடு விஷயமாகக் கூப்பிடுபவர் பெரும்பாலும் இரண்டாம் முறை முயல்வார்.

சரக்குவண்டி
டேட்டா மாற்றம், வோல்ட்இ இரண்டும் போட்டாச்சு, அழைப்பு வந்தாலும் மேப் ஓடுகிறது. நன்றி. 1909-க்கு அனுப்பினால் வங்கி ஓடிபி நின்றுவிடாதே?

பதில்: அமைதிமணி
நிற்காது சார். அந்தத் தடை விளம்பரத்துக்கு மட்டும். இன்னொன்று, 1600 என்று தொடங்கும் எண்களைப் பிளாக் செய்துவிடாதீர்கள். அவை வங்கி, அரசு சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கியவை. விளம்பரத்துக்கானது 140 வரிசை.