400 மீட்டரில் நிற்கும் பட்டை: மீனா, கடல்தரையா, கருவிக் கோளாறா?

தல்லாகுளத்தான்:
மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு அரபிக்கடலில் பதிவான எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழம் பார்க்கும் கருவி) கோப்புகள் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கடல் ஆழம் 1900 மீட்டர். ஆனால் 38 கிலோஹெர்ட்ஸில் 400 மீட்டரிலேயே தடித்த பட்டை தெரிகிறது. மதியம் ஒரு மணிக்கு அது இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே ஏறுகிறது, இன்னொன்று அசையவே இல்லை. 200 கிலோஹெர்ட்ஸில் இரண்டுமே காணோம். கருவிக் கோளாறா?

உப்புக்காற்று:
தம்பி, கோப்பில் இருப்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரமாக இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், மாலை ஆறரை வரும். பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே வரும் கூட்டம்தான் அது. லாந்தர் மீன்கள் என்ற சின்ன ஆழ்கடல் மீன்களின் காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். 1942-இல் கலிஃபோர்னியா பக்கம் சோனார் சோதனையில் சிக்கிய அடுக்கும் இதுதான். அது இரவில் ஏறுகிறது, ஆகவே உயிரினம் என்று 1945-இல் காட்டியவர் கடல் உயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன். 200-ஐக் கடல்நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும், 400 மீட்டர் போய்த் திரும்புவது கஷ்டம்.

பழைய எலெக்ட்ரானிக்ஸ்காரன்:
அசையாத பட்டைதான் எனக்கு இடிக்கிறது. பிங் இடைவெளி, அதாவது ஒரு ஒலித்துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

தல்லாகுளத்தான்:
2 நொடி சார்.

பழைய எலெக்ட்ரானிக்ஸ்காரன்:
அப்ப சரி. ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 2 நொடிக்குள் 1500 மீட்டர் ஆழம் வரைதான் போய்த் திரும்பும். 1900-இல் இருக்கும் தரையின் எதிரொலி அடுத்த பிங் கிளம்பிய பிறகு வந்து சேரும். 1900-இல் 1500 போக மிச்சம் 400! அது போலித் தரை.

வைகைக்கரை:
குறுக்கே பேசுகிறேன். வைகை அணையில் ஒரு ஃபிஷ் ஃபைண்டரைப் போட்டால் இப்படி அடுக்கு தெரியுமா?

உப்புக்காற்று:
அணையின் முழு நீர்மட்டமே 71 அடிதானே அண்ணே. அங்கே 200 தாராளமாகப் போதும், மீன் தெரியும். இந்த அடுக்குக்கு ஆழ்கடல்தான் போகணும்.

தல்லாகுளத்தான்:
அதே இடத்தில் 3 நொடி இடைவெளியில் எடுத்த கோப்பைத் திறந்தேன். அசையாத பட்டை இல்லை! ஏறுகிற பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. இனி எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்குப் போடலாமா?

உப்புக்காற்று:
போலித் தரையை முதலில் வெட்டி எறியுங்கள். அப்புறமும் 38-ஐ மட்டும் நம்பி அளவு சொல்லாதீர்கள். சைஃபனோஃபோர் என்ற ஜெல்லிமீன் வகை உயிரியின் சின்னக் காற்றுக்குமிழ்கூடப் பெரிய எதிரொலி தரும். அதே இடத்தில் வலை போட்டுப் பிடித்த பட்டியல் இருக்கிறதா என்று உங்கள் கைடிடம் கேளுங்கள்.