அம்மாப்பேட்டை வீட்டுக் குழு

செல்வி சித்தி: கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடுமாம். எதிர்வீட்டில் சொன்னார்கள். நிலம் விற்ற 5 லட்சம் தபால் ஆபீஸில் என் பேரில் கிடக்கு. நாளைக்கே எடுத்துவிடட்டுமா?

தங்கராசு மாமா: எடுத்து என் கணக்கில் போடு செல்வி. பத்திரமா இருக்கும்

மல்லிகா பெரியம்மா: சீட்டுப் பணம் பத்திரமா இருந்த மாதிரியா அண்ணா?

தங்கராசு மாமா: அதை ஏன் இப்ப இழுக்கிற

செந்தில்: சித்தி, கை வைக்காதீங்க. 2023இல் திட்டம் வந்தபோது சொன்ன விதியில் சேமிப்புக்கு வரம்பே கிடையாது. குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட், இதெல்லாம் தாண்டக் கூடாது. கார் கூடாது, வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. நீங்கள் போட்ட 5 லட்சம் அசல், அது வருமானம் ஆகாது. வட்டிதான் வருமானம். நீங்கள் போட்டிருக்கும் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம், அதாவது வருஷம் 41,000.

செல்வி சித்தி: மூணு மாசத்துக்கு 10,250 வருது

செந்தில்: அதேதான். சங்கர் உங்கள் ரேஷன் கார்டில்தானே இருக்கான்? கொலுசுப் பட்டறையில் மாதம் 15,000 என்றால் வருஷம் 1,80,000. வட்டியோடு 2,21,000. உள்ளேதான் இருக்கிறீர்கள். அவன் சம்பளம் ஏறும்போது பார்ப்போம்.

கவிதா: ஞாயிறு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போறோம். தட்டுவடை செட் யாருக்கு எத்தனை?

தங்கராசு மாமா: 4. காரம் கம்மி

செல்வி சித்தி: மாமியாருக்கு முதியோர் பணம் வருதே, அதனால் எனக்கு நின்னுடுமா?

செந்தில்: நிக்காது. ஒரே ஆள் இரண்டும் வாங்க முடியாது, அவ்வளவுதான். இன்னொன்று, அந்த 5 லட்சத்தைப் போட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகுது. இப்ப மூடினால் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். 7,500 போயிடும். ஏழரை மாத உரிமைத்தொகை சித்தி அது!

மல்லிகா பெரியம்மா: கேட்டியா செல்வி

கவிதா: பெரியம்மா செட் சொல்லவே இல்ல

செல்வி சித்தி: எதிர்வீட்டு அக்கா இன்னைக்கே எடுத்துட்டாங்களாம். சங்கர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்

செந்தில்: அப்படியே உரிமைத்தொகை நின்றாலும் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எழுதித் தர நான் இருக்கேன். சனிக்கிழமை வரைக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க. நேரில் வரேன்.

தங்கராசு மாமா: நானும் வரேன்

மல்லிகா பெரியம்மா: நீ எதுக்கு?