பேட்டரி புதுசு, காலைல செல்ஃப் எடுக்கல – அவசரம், உதவுங்க

களக்காடு வாழை | செவ்வாய், இரவு 9.12
அண்ணாச்சிமாரே, வண்டி காலைல செல்ஃபே எடுக்க மாட்டேங்கு. டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். பேட்டரி போன மாசம்தான் புதுசா போட்டேன். நேத்தும் இன்னைக்கும் தோப்புல வேல பாக்குற பசங்கள வச்சு தள்ளித்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழம காலைல அம்மாவ கண் ஆபரேஷனுக்கு பாளையங்கோட்டைக்கு கூட்டிட்டுப் போகணும். ஒருத்தர் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோ போச்சுங்காரு, இன்னொருத்தர் செல்ஃப் மோட்டார்ங்காரு. எத மாத்தணும்? வெரசா சொல்லுங்க.

முக்கூடல்காரன் | 9.20
என்ன வண்டி, எந்த வருசம்னு ஒண்ணுமே சொல்லலியே. எதுக்கும் டைனமோவ சுத்துற பெல்ட்ட பாருங்க. எனக்குத் தெரிஞ்சு பத்துக்கு எட்டு பெல்ட்டுதான். நடுவுல பெருவிரல வச்சு அமுக்குனா ஒரு சென்டிமீட்டர் போல உள்ள போகணும். அதுக்கு மேல போனா லூசு.

சேரை லோடுவண்டி | 9.31
தம்பி, பெட்ரோலா டீசலா? பேட்டரி லைட்டு எரியுதா? மீட்டர் வச்சுப் பாத்தீங்களா? ராத்திரி நிப்பாட்டுனதும் எத்தன வோல்ட், காலைல எத்தன வோல்ட், இன்ஜின் ஓடும்போது எத்தனன்னு மூணு கணக்கு வேணும். அது இல்லாம யாரு சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

பழைய கை | 9.48
முதல்ல அது டைனமோ இல்ல, ஆல்டர்னேட்டர். டைனமோ அந்தக் காலத்து அம்பாசடர்ல இருந்தது. பேரு தெரியாம பார்ட்டு மாத்தக் கெளம்பிருதாங்க. மீட்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. ஓடிக்கிட்டே இருந்தா ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு, நின்னா போச்சு. நாப்பது வருசமா இப்படித்தான் பாக்குதேன்.

மேலப்பாளையம் வயரிங் | 9.55
தம்பி, அத மட்டும் செய்யாதீங்க. ஓடும்போது பேட்டரிய பிடுங்குனா ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் ஒரு நொடியில எகிறும். 14 இருக்கவேண்டிய எடத்துல பல மடங்கு போயிரும். பேட்டரிதான் அத வாங்கிக்கிட்டு அமுக்கி வைக்குது. இப்ப உள்ள வண்டின்னா கம்ப்யூட்டரே போயிரும். பழைய வண்டின்னாலும் கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற டயோடும், வோல்ட்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் போகும்.

பழைய கை | 10.02
நான் கழட்டி ஒரு வண்டியும் கெட்டதில்ல. மீட்டர் வச்சுக்கிட்டு மெக்கானிக்னு சொல்ற காலமாப் போச்சு.

மேலப்பாளையம் வயரிங் | 10.10
அண்ணாச்சி, உங்க அனுபவத்த கொறச்சு சொல்லல. ஆனா பழைய டீசல்ல அந்த சோதனைக்கு அர்த்தமே கெடையாது. டீசல் எரிய தீப்பொறி வேண்டாம், பம்பு அடிச்சா போதும். டீசல தெறந்து மூடுற கரண்டு வால்வு, அதான் சாலினாய்டு, இல்லாம கேபிள் இழுத்து நிப்பாட்டுற வண்டின்னா கரண்டே இல்லாம ஓடும். சார்ஜ் சுத்தமா செத்திருந்தாலும் “நல்லாருக்கு”ன்னு காட்டும்.

முக்கூடல்காரன் | 10.14
டைனமோன்னு சொன்னா என்ன தப்பு? எங்க ஊருல கடை போர்டுலயே அப்படித்தான் எழுதியிருக்கு.

பழைய கை | 10.21
போர்டுல எழுதுனா சரியாயிருமா? டைனமோவுல கம்யூட்டேட்டர் இருக்கும், நேரா டிசி வரும். ஆல்டர்னேட்டர்ல மூணு ஃபேஸ் ஏசி வரும், உள்ள ஆறு டயோடு அத டிசியா மாத்தும். ரெண்டும் வேற வேற.

சேரை லோடுவண்டி | 10.25
பேரு பொறவு பாப்போம். அவரு அம்மா ஆபரேஷனுக்குப் போகணும்.

களக்காடு வாழை | புதன், காலை 7.05
மன்னிக்கணும், கரண்டு போயிட்டு, சார்ஜ் இல்ல. டீசல், 2003 மாடல், டாக்ஸிக்கு ஓடுமே அந்த பெரிய வண்டி. பெல்ட்டு டைட்டாத்தான் இருக்கு. பக்கத்து மோட்டார் கடையில மீட்டர் வாங்கிப் பாத்தேன். நேத்து ராத்திரி நிப்பாட்டி கொஞ்ச நேரம் கழிச்சு 12.5, இப்ப காலைல 11.6. தள்ளி எடுத்தபிறகு 13.3, ஹெட்லைட் போட்டா 12.4க்கு எறங்குது. ஒரு மாதிரி ஊளையிடுற சத்தமும் வருது. பேட்டரி லைட்டு ஓடும்போது எரியல. சாவிய எடுத்தபிறகுதான் மங்கலா எரியுது. அது ரொம்ப நாளா அப்படித்தான்.

மேலப்பாளையம் வயரிங் | 7.18
அந்தக் கடைசி வரிதான் தம்பி விஷயமே. சாவி எடுத்தபிறகு சார்ஜ் லைட்டு மங்கலா எரியக்கூடாது. பாசிட்டிவ் பக்கத்து டயோடு ஒண்ணு ஷார்ட் ஆகியிருக்கும், ரெண்டு பக்கமும் கரண்ட விடும். ராத்திரி பூரா பேட்டரி கரண்டு அது வழியா உள்ள ஏறி, உள்ள சுத்துற ரோட்டர் காயில் வழியா எர்த்துக்குப் போகுது. சுமார் 4 ஆம்பியர்னு வச்சாலும் 9 மணி நேரத்துக்கு 36 ஆம்பியர் அவர், உங்க பேட்டரில பாதி. செல்ஃப் மோட்டார தொடாதீங்க, அது பாவம்.

ஒரு சோதனை செய்யுங்க. இன்ஜின் ஆறினபிறகு, சாவிய எடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆல்டர்னேட்டர் மேல கைய வைங்க. சுத்தியிருக்கிற இரும்பெல்லாம் குளுந்திருக்க, அது மட்டும் வெதுவெதுன்னு இருந்தா சந்தேகமே வேண்டாம். ஒரு சின்ன ஸ்பேனர புல்லி நட்டு பக்கம் கொண்டு போங்க. இழுத்துப் பிடிச்சா உள்ள காயில் கரண்டுலயே இருக்குன்னு அர்த்தம்.

களக்காடு வாழை | 10.40
கைய வச்சேன் அண்ணாச்சி. மத்ததெல்லாம் ஆறிக் கிடக்கு, அது மட்டும் வெந்நீர் ஊத்தி வச்ச செம்பு மாதிரி இருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ‘டக்’னு ஒட்டுச்சு. அம்மாவ கூப்பிட்டுக் காட்டுனேன்.

பழைய கை | 10.52
டயோடுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா இந்த வண்டில ஆல்டர்னேட்டருக்குப் பின்னால வேக்குவம் பம்பு இருக்கும், பிரேக்குக்கு. யாரும் அத சொல்லல. அந்த பம்புல ஆயில் வெளிய வராம தடுக்குற சீல் போனா இன்ஜின் ஆயில் உள்ள கசிஞ்சு டயோடு பிளேட்ட கரியாக்கிரும். பிளேட்ட மட்டும் மாத்தி, சீல விட்டா ஆறு மாசத்துல திரும்ப வந்து நிப்பாரு.

சேரை லோடுவண்டி | 11.03
இது நல்ல வார்த்த. தம்பி, மாட்டுனபிறகு ஆயில் பைப்பும் வேக்குவம் ஓசும் சரியா ஏறியிருக்கான்னு பாத்து, நின்ன இடத்துலயே பிரேக்க அமுக்கிப் பாக்காம ரோட்டுல ஏத்திராதீங்க. எனக்கு நாங்குநேரி பக்கத்துல பெல்ட்டு அறுந்து, அந்த பம்பும் நின்னு, பிரேக்கு கல்லாப் போச்சு. ரெண்டு காலையும் சேத்து மிதிச்சுத்தான் நிப்பாட்டுனேன். பின்னாடி வாழைத்தார் லோடு.

முக்கூடல்காரன் | 11.10
பெல்ட்டுன்னு நான் சொன்னேன்லா!

களக்காடு வாழை | 11.15
நாளைக்குத்தான் எலக்ட்ரீசியன் வருவாரு. இன்னைக்கு ராத்திரி என்ன செய்ய? பழைய ஆல்டர்னேட்டர கழட்டிக் கொண்டு போகலாமா, புதுசு வாங்கலாமா?

மேலப்பாளையம் வயரிங் | 11.32
இன்ஜின் நின்னபிறகு நெகட்டிவ் டெர்மினல கழட்டி வச்சுருங்க. நின்னபிறகு, அண்ணாச்சி சொன்ன மாதிரி ஓடும்போது இல்ல. பேட்டரிய சார்ஜுக்குப் போட்டுருங்க, காலைல செல்ஃப் அடிக்கும்.

புதுசு வேண்டாம். டயோடு பிளேட்டு, சீல் மாத்தி, கார்பன் பிரஷ், பேரிங் பாத்தா போதும். காயில் கருகியிருந்தா மட்டும் யோசிக்கலாம். பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா தயங்காம மாத்தச் சொல்லுங்க. நீங்களே கழட்டுறதா இருந்தா நெகட்டிவ் மொதல்ல. பின்னால தடி வயர் நட்டுல எப்பவும் பேட்டரி கரண்டு இருக்கும், ஸ்பேனர் பாடியில பட்டா பொறி பறக்கும். வேக்குவம் ஓசும் ஆயில் பைப்பும் எடுத்து, பைப்பு வாயில துணி அடைச்சுருங்க, தூசு போகக்கூடாது. பெல்ட்டு டைட் போல்ட்ட தளர்த்திட்டு கீழ் போல்ட்ட உருவுங்க. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஸ்டார்ட் பண்ணி லைட்டு போட்டு 13.8ல இருந்து 14.4க்குள்ள நிக்குதான்னு பாக்காம எலக்ட்ரீசியன விடாதீங்க.

பழைய கை | 11.45
பேட்டரில ஏசி வோல்ட்டும் பாக்கச் சொல்லுங்க. டயோடு நல்லாருந்தா பூஜ்யத்த ஒட்டித்தான் இருக்கும். மீட்டர் நானும் வச்சிருக்கேன்.

சேரை லோடுவண்டி | வியாழன், இரவு 8.15
தம்பி, என்ன ஆச்சு? நாளைக்கு அம்மாவுக்குத் தேதி.

முக்கூடல்காரன் | 8.50
ஆளையே காணோம்.

களக்காடு வாழை | வெள்ளி, காலை 4.50
சரியாயிட்டு. நேத்து கழட்டிப் பாத்தா டயோடு பிளேட்டு ஆயில்ல ஊறி கன்னங்கரேல்னு இருந்துச்சு. ஒரு டயோடு ரெண்டு பக்கமும் கரண்டு காட்டுச்சு. லைட்டு போட்டு 14.1. ராத்திரி டெர்மினல கழட்டாமத்தான் விட்டேன். இப்ப தொட்டுப் பாத்தேன், பச்சத் தண்ணி மாதிரி குளுந்து கிடக்கு. செல்ஃப் ஒரே அடி. அம்மா ஏறி உக்காந்துட்டாங்க. எல்லாருக்கும் நன்றி.

பழைய கை | 5.30
சீல் மாத்துனீங்களா?

பழைய கை | சனி, காலை 6.10
சீல் மாத்துனீங்களான்னு கேட்டேன் தம்பி. அம்மாவுக்கு கண்ணு எப்படி இருக்கு?